பின்னால் வந்த பஸ்

தென்னேரி அப்பாதுரை எதிலும் முந்திக்கொள்கிற பேர்வழி. தாயார் வயிற்றில்கூட அவர் பத்து மாதம் பொறுக்கவில்லை. எட்டிலேயே வெளியே வந்துவிட்டார். கல்யாணத்தன்று ஐயர் மந்திரத்தை நிறுத்தி மூச்சு வாங்கிய நேரம் பார்த்துத் தாலியைக் கட்டிவிட்டார். மேளக்காரர்கள் ஓரமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று யாரோ கத்த, அவர்கள் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவதற்குள் மாப்பிள்ளை அட்சதைக்குத் தலையைக் குனிந்து காத்திருந்தார். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரேணுகாம்பாள் அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை.

“எமன் வந்து கூப்பிடணும்னு இந்தாளுக்கு அவசியமே இல்ல. இவரே முன்னாடி போயி அங்க கேட்டாண்ட நின்னுக்கினு இருப்பாரு” என்பாள்.

இப்படிப்பட்டவர் தனியார் பஸ்ஸுக்கு டிரைவராகப் போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை, வாலாஜாபாத் வழியாகத் தென்னேரி வரைக்கும் ஓடிய பஸ் அது. முதலாளி மாணிக்கவேல் தன் தாயாரின் பெயரான ‘அம்சவேணி’ என்பதையே பஸ்ஸின் நெற்றியில் பூப்போட்டு எழுதியிருந்தார். அதே தடத்தில் இன்னொரு பஸ்ஸும் ஓடியது. அந்த முதலாளியும் தாய்ப்பாசத்தில் குறைந்தவர் இல்லை. அதன் பெயர் ‘மரியம்மாள்’. ஐயம்பேட்டைக்காரரான ஜெபகுமார் அதை ஓட்டினார். இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில் இருந்த இடைவெளி ஒரு டீ குடிக்கிற நேரம்தான். எது முதலில் வந்து நிற்கிறதோ அதில்தான் கூட்டம் ஏறும். கூட்டத்தைப் பொறுத்துத்தான் டிரைவருக்குப் படி. ஆகவே ஒருவரை ஒருவர் பார்த்தே இராத அந்த இரண்டு தாய்மார்களும், ஞாயிற்றுக்கிழமை உட்பட, தினமும் செங்கல்பட்டு ரோட்டில் பந்தயம் விட்டார்கள்.

பந்தயத்தில் எப்போதும் ஜெயித்தது அம்சவேணிதான். அப்பாதுரை ஆக்சிலேட்டரில் வைத்த காலை எடுத்தால் அது தென்னேரி வந்துவிட்டது என்று அர்த்தம். கிழவிகள் ஒரு காலைப் படியில் வைத்தால் போதும், மற்றக் காலைப் பஸ்ஸே உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளும். ஐயம்பேட்டை நெசவாளிகள் தோளில் தறிக்கான பாவு நூலைச் சுமந்துகொண்டு கைகாட்ட நிற்பார்கள். தூரத்தில் வருவது அம்சவேணி என்று தெரிந்தால் தூக்கிய கையை இறக்கிக்கொள்வார்கள். ஒரு மாதம் நெய்யவேண்டிய பட்டு இழை, இரண்டு திருப்பத்தில் சிக்காகிப் போய்விடுமே என்கிற பயம். அப்பாதுரையோ அவர்களைக் கவனிக்கிற ஆள் இல்லை. அவர் கவனமெல்லாம் வலது பக்கக் கண்ணாடியில் இருக்கும். அதில் மரியம்மாள் சின்னதாகத் தெரிந்தால் அவருக்கு நிம்மதி. பெரிதாகிக்கொண்டே வந்தால் ஹாரன் அலறும்.

இத்தனைக்கும் ஜெபகுமாரோடு அவர் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. ஒரே ரோடு, ஒரே ஸ்டாண்டு, இருபது வருடத்துக்கு மேல். ஆனாலும் அவருக்குத் தெரிந்தது அந்த ஹாரன் சத்தம் ஒன்றுதான். முகத்தை ஒழுங்காகப் பார்த்ததில்லை. பின்னால் வருகிறவனை இறங்கிப் போய்ப் பார்க்கிற வழக்கம் இந்தத் தொழிலில் யாருக்கும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் போக்குவரத்துக் குழுமம் வந்தது. பெருநகரத்தைச் சுற்றியிருக்கிற ஊர்களுக்கெல்லாம் பஸ், ரயில், ஷேர் ஆட்டோ எல்லாவற்றையும் ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். ஒரே கார்டு, ஒரே நேர அட்டவணை. பஸ் முதலாளியுடையதாகவே இருக்கும். ஆனால் எங்கே, எப்போது, எப்படி ஓடுவது என்பதைக் குழுமம் சொல்லும். எத்தனை பேர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடிய தூரத்துக்கு முதலாளிக்குப் பணம், டிரைவருக்கு மாதச் சம்பளம். மாணிக்கவேல் இனிப்புப் பெட்டியோடு வந்து அப்பாதுரையின் வாயில் ஒரு மைசூர்பாகைத் திணித்தார்.

“துரை, இனிமே ஜனம் வருதா வரலியான்னு நீ கண்ணாடியப் பார்க்கத் தேவையில்ல. நிம்மதியா ஓட்டு.”

“அப்ப ஸ்டியரிங்கு?” என்று மைசூர்பாகு வாயோடு கேட்டார் அப்பாதுரை.

“உன்னுதுதான். ஆறு மாசம் பார்ப்பாங்களாம். நல்லா ஓட்டினா நிரந்தரம். இல்லாட்டி டிப்போல வேற வேல தருவாங்க.”

வேற வேலை என்றதுமே அவருக்கு மைசூர்பாகு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்காத அப்பாதுரையை அவராலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அவருடைய வலது கால் தரையை அமுக்கிக்கொண்டிருக்கும். மகன் யுவன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போன பிறகு, “நீ கொஞ்சம் ஓய்வெடுப்பா” என்று ஒருநாள் சொல்லிவிட்டு இரண்டு நாள் வசவு வாங்கினான்.

அம்சவேணியும் மரியம்மாளும் ஒரே பச்சை நிறத்துக்கு மாறினார்கள். நெற்றியிலிருந்த பெயர் போய் எண் வந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரையைப் பொருத்தினார்கள். அதைப் பற்றி விளக்க ஒரு வகுப்பு நடந்தது. அப்பாதுரை வகுப்புக்கு எல்லாருக்கும் முன்னால் போனார். எல்லாருக்கும் முன்னால் கிளம்பியும் வந்துவிட்டார். திரையைப் பற்றிய பாடம் டீக்குப் பிறகுதான் நடந்தது என்பது அவருக்குத் தெரியாது.

முதல் நாளே திரையில் ஒரு கூட்டல் குறியும் பக்கத்தில் மூன்றும் தெரிந்தன. காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினார், ஐந்து ஆயிற்று. இன்னும் அழுத்தினார், ஏழு. அப்பாதுரைக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இத்தனை வருடம் ஓட்டியதற்கு எந்த முதலாளியாவது மார்க் போட்டிருக்கிறானா? சர்க்கார் சர்க்கார்தான். அன்று மாலை டீக்கடையில், “எனக்கு இன்னிக்கு ஏழு மார்க். அந்த ஜெபகுமாரு எவ்ளோ வாங்கினான்னு யாராச்சும் கேட்டு சொல்லுங்கப்பா” என்றார்.

கேட்டுச் சொன்னார்கள். அவனுக்கு எப்போதும் சைபர்தானாம். அப்பாதுரை அன்று எல்லாருக்கும் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்தார். கண்டக்டர் கமலுக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. ஆனால் அண்ணன் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவன் பார்த்ததில்லை. எதற்குக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டான்.

ஒரு மாதம் இப்படி மார்க் வாங்கிக் குவித்த பிறகு காஞ்சிபுரம் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அப்பாதுரை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டார். விபூதி பூசிக்கொண்டார். பொன்னாடை போர்த்தினால் எப்படிக் குனிவது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். நேரக் கட்டுப்பாட்டைப் பார்க்கிற அதிகாரி சத்யப்ரியா என்கிற இளம்பெண். நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தார்.

“அண்ணே, உங்க பேர்ல புகார் மேல புகாரா வருதுண்ணே.”

“எம்பேர்லயா? இருக்காதும்மா. நான்தான் மார்க்குல ஃபர்ஸ்ட்டு.”

சத்யப்ரியாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு விளக்கினாள். கூட்டல் என்பது பஸ் நேரத்துக்கு முன்னால் ஓடுகிறது என்பதற்கு அடையாளம். சைபர்தான் சரியானது. ஏழு நிமிடம் முன்னால் போகிற பஸ், நேரத்தை நம்பி வருகிற அத்தனை பேரையும் நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகிறது. கம்பெனி ஷிப்டுக்குப் போகிற கிருஷ்ணவேணி என்கிற பெண் மட்டும் நாலு முறை பஸ்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“சும்மா கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. முன்னாடி ஒரு பஸ்ஸும் இல்ல. அப்புறம் யாரை முந்துறீங்க?”

“பின்னாடி ஜெபகுமாரு வர்றானேம்மா!”

“அதுவும் நம்ம பஸ்தாண்ணே.”

அந்த ஒரு வாக்கியத்தை அப்பாதுரையால் விழுங்க முடியவில்லை. நம்ம பஸ்! மரியம்மாள், நம்ம பஸ்! சத்யப்ரியா குரலை மாற்றாமலே கடைசி விஷயத்தையும் சொன்னாள். இன்னொரு முறை அட்டவணையை மீறினால் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவேண்டியதுதான். டிப்போவில் பஸ் கழுவுகிற இடத்தை மேற்பார்வை பார்க்க ஆள் தேவைப்படுகிறது. அப்பாதுரை எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அடுத்த மாதம் அதைவிடப் பெரிய இடி விழுந்தது. தடத்தை இரண்டாக வெட்டினார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் ஜெபகுமார். வாலாஜாபாத்திலிருந்து தென்னேரிக்கு அப்பாதுரை. ஜெபகுமார் வந்து நின்று, அவர் பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஜனம் இதில் ஏறிய பிறகுதான் அப்பாதுரை கிளம்பவேண்டும். அவர் வரத் தாமதமானால் கூடுதலாக ஐந்து நிமிடம் நிற்கவேண்டும்.

“அவன் வர்ற வரிக்கும் நான் நிக்கணுமா? நானு?” என்று வீட்டில் குதித்தார்.

“நில்லேன்யா. கால் வலிச்சா உக்காரு” என்றாள் ரேணுகாம்பாள். அவள் முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் காஞ்சிபுரத்துக்குப் போய், பட்டுக்கடையில் புடவைகளை வாங்கிவந்து குஞ்சம் முடித்துக் கொடுப்பது அவள் வேலை. அவள் முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. “எல்லாம் நல்லதுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு, என்ன காரணமோ, தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள்.

காத்திருப்பது எப்படி என்று ஐம்பது வயதில் கற்றுக்கொள்வது சாமானியக் காரியமில்லை. முதல் வாரம் அப்பாதுரை டயர்களை உதைத்துப் பார்த்தார். இரண்டாம் வாரம் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்கக் கண்ணாடி மிச்சமில்லாமல் போனபோது பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோவின் கண்ணாடியையும் துடைத்தார். ஆட்டோக்காரர் பழனி தென்னேரிக்காரர்தான். ஊருக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே ஓட்டுகிறவர். அவருடைய வண்டியும் இப்போது குழுமத்தின் கீழ்தான். “வுடுண்ணே, தேஞ்சிடப் போவுது” என்று அவர் கெஞ்சினார். ஜெபகுமாரின் பஸ் வந்து நின்றால் அப்பாதுரை அந்தப் பக்கம் தலையைத் திருப்பமாட்டார். ஜனம் மாறி ஏறியதும் கமல் விசில் கொடுப்பான். கிளம்பிவிடுவார்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மெதுவாக ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் அந்த ரோட்டில் என்னென்ன இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவந்தது. தென்னேரி ஏரி இவ்வளவு பெரியதா என்று ஊரில் பிறந்து வளர்ந்த மனிதர் கமலிடம் வியந்தார். பாவு சுமந்து வந்த ஒருவர் அவர் பஸ்ஸில் ஏறி, சீட்டில் ஓரமாக அதை வைத்துக்கொண்டு, சிக்கில்லாமல் இறங்கிப் போனார். கிருஷ்ணவேணி ஒருநாள் படியேறும்போதே, “துரையண்ணே, இப்பல்லாம் உன் பஸ்ல பொட்டு வச்சிக்கினா நெத்தியிலயே நிக்குது” என்றாள். அப்பாதுரைக்கு வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது. ஆறு மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஸ்டியரிங் கைக்கு வந்துவிட்டது என்றே நம்பினார்.

அப்போதுதான் மாட்டுப் பொங்கல் வந்தது.

அன்றைக்குக் காஞ்சிபுரம் வரதராஜர் பார்வேட்டை என்கிற வேட்டை உற்சவத்துக்குப் புறப்பட்டு, பழையசீவரம் மலையேறி, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்குப் போவார். சுற்றுப்பட்டு ஊர்ப் பெருமாள்கள் நாலு பேரும் அங்கே வந்து சேர்வார்கள். ஐந்து பெருமாளையும் ஒருசேரப் பார்க்க ஜில்லாவே செங்கல்பட்டு ரோட்டில் திரளும். பெருமாளுக்கு அட்டவணை போட யாரால் முடியும்? நல்லவேளையாக அந்தக் கூட்டத்துக்கெல்லாம் தனிப் பஸ் விட்டிருந்தார்கள். அதற்காகப் பல தடங்களில் நடையைக் குறைத்ததில், தென்னேரிக்கு அப்பாதுரையின் மாலை நடையே அன்றைக்குக் கடைசி என்றாகிவிட்டது.

வெயில் தாழ்ந்த நேரம். வாலாஜாபாத் ஸ்டாண்டில் பஸ் முக்கால்வாசி நிறைந்திருந்தது. ஜெபகுமாரின் பஸ் வரவில்லை. கிளம்பவேண்டிய நேரம் ஆயிற்று. கூடுதலாக நிற்கவேண்டிய ஐந்து நிமிடமும் ஆயிற்று. கமலின் போன் அடித்தது. சத்யப்ரியாதான். கமல் சத்தத்தைக் கூட்டி அப்பாதுரையிடம் நீட்டினான்.

“அண்ணே, ஜெபகுமார் அண்ணன் பஸ் ஐயம்பேட்டை தாண்டிக் கூட்டத்துல மாட்டிக்கிச்சு. எப்ப வரும்னு சொல்ல முடியல. நீங்க எடுத்துடுங்க. தென்னேரியில திரும்பி வர்றதுக்கு ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

“சரிம்மா” என்று அப்பாதுரை இன்ஜினைப் போட்டார்.

கிளம்புவதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் யாரும் இல்லை. சின்னதாகக்கூட ஒன்றும் தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கண்ணாடியில் மரியம்மாள் இல்லாமல் போகாதா என்று ஏங்கியவர் அவர். இன்றைக்கு அது இல்லை என்றதும் கண்ணாடியைத் திருப்பி இன்னொரு முறை பார்த்தார். அந்த பஸ்ஸில் எத்தனை தென்னேரி ஜனம் உட்கார்ந்திருக்கும்? கரும்பும் பையுமாகச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள். இங்கே வந்து இறங்கி, காலி ஸ்டாண்டைப் பார்த்தால் என்ன செய்வார்கள்? அப்பாதுரை இன்ஜினை அணைத்தார்.

“இன்னாண்ணே?” என்றான் கமல்.

“நிக்கலாம்பா.”

“ஸ்டியரிங்கு போயிடும்ணே! அட்டவணைய மீறினா எறக்கிடுவேன்னு சொல்லியிருக்காங்கண்ணே.”

“தெரியும்பா.” தெரிந்துதான் சொன்னார். கை ஸ்டியரிங்கை விடவில்லை. போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

“அண்ணே? எடுத்துட்டீங்களா?”

“இல்லம்மா. நான் எடுக்கல. ஜெபகுமாரு வரட்டும்.” அந்தப் பெயரை அவர் வையாமல் உச்சரித்தது அதுதான் முதல் தடவை. “அவன் வர்றதே எனக்காகத்தாம்மா. நான் போயிட்டன்னா, அந்த பஸ்ஸு வந்து இன்னா பிரயோஜனம்? பாதி வழி கொண்டாந்து வுடறதுக்குப் பேரு பஸ்ஸா?”

“சரிண்ணே, நீங்க சொல்றது புரியுது. ஆனா உங்க பஸ்ல உக்காந்திருக்கிறவங்களும் ஜனங்கதானே? அவங்க நேரத்துக்கு யாரு பதில் சொல்றது?”

நியாயமான கேள்வி. அப்பாதுரை யோசித்தார். பிறகு சீட்டிலிருந்து எழுந்து, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்து நின்றார்.

“தோ பாருங்க, பின்னாடி வர்ற பஸ்ஸு கூட்டத்துல மாட்டிக்கினு இருக்குது. நம்ம ஊரு ஜனம் அதுல இருக்குது. நிக்கட்டுமா, போவட்டுமா? மேடம் லைன்ல இருக்காங்க. சத்தமா சொல்லுங்க.”

“நிக்கட்டும்!” என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். “எம்பொண்ணு அதுலதான் வர்றா.” “நில்லுப்பா, பொங்கலும் அதுவுமா இன்னா அவசரம்?” என்று இன்னும் சில குரல்கள். ஒரே ஒருவர் மட்டும் ஜன்னலோரத்திலிருந்து எழுந்தார்.

“அதெல்லாம் முடியாது. வூட்ல மாட்டுக்குப் படையல் போடணும். மாடு எனக்காகக் காத்துக்கினு இருக்குது.”

“மாடு காத்திருக்கும்யா, அது உன்ன மாதிரி இல்ல” என்றாள் கிருஷ்ணவேணி. பஸ் முழுக்கச் சிரித்தது. மாட்டுக்காரரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். கிருஷ்ணவேணி அப்பாதுரையைப் பார்த்து, “நில்லுண்ணே. நீ இன்னிக்குக் கண்டிப்பா நின்னுதான் ஆவணும்” என்றாள். அவளுக்குப் பக்கத்திலிருந்த பெண்கள் ஏனோ முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

போனில் சத்யப்ரியா வேறு யாரிடமோ பேசுவது தூரத்தில் கேட்டது. கமல் கையைப் பிசைந்தான். பிறகு அவள் குரல் திரும்பி வந்தது.

“அண்ணே, தென்னேரியில பழனி அண்ணன் ஆட்டோ நிக்குது. இன்னும் ரெண்டு ஆட்டோவும் சேர்த்து அனுப்பச் சொல்லிட்டேன். அங்க காத்திருக்கிறவங்க அதே கார்டுல ஆட்டோவுல வந்துடுவாங்க. நீங்க நில்லுங்க. இது என்னோட உத்தரவு, நீங்க எதையும் மீறல. உங்க ஸ்டியரிங் உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“ரொம்ப நன்றிம்மா” என்று சொன்னபோது அப்பாதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். துடைக்கும்போது இன்னொரு எண்ணம் ஓடியது. பழனி தென்னேரியில் இருக்கிறாரா? ரேணுகாம்பாள் காலையில் ஐயம்பேட்டையில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். ஐயம்பேட்டை வழியாக ஓடுகிற ஷேர் ஆட்டோவில் வாலாஜாபாத் வந்து, அங்கிருந்து பழனி ஆட்டோவைப் பிடிப்பதுதான் அவள் வழக்கம் என்று இத்தனை வருடமாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சரி, பழனியே அங்கே இருந்தால் இவளும் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று விட்டுவிட்டார்.

பஸ்ஸுக்குள்ளே யாரோ கரும்பை ஒடித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். டிரைவருக்கும் ஒன்று வந்தது. ஸ்டாண்டில் விளக்குப் போட்ட சற்று நேரத்தில் அந்த ஹாரன் கேட்டது. எத்தனையோ நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட ஹாரன். அப்பாதுரை கரும்பும் கையுமாகக் கீழே இறங்கினார்.

ஜெபகுமாரின் பஸ் பக்கத்தில் வந்து நின்றது. ஜனம் மளமளவென்று இறங்கியது. பச்சைப் பஸ் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, “அய்ய, இருக்குதுடீ, போவல!” என்று ஒரு பெண் கத்தினாள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஜெபகுமார் இறங்கினார். தலை முழுக்க நரைத்து, மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். இந்த ஆளா நம்மை இத்தனை வருடம் துரத்தினான் என்று அப்பாதுரைக்கு நம்பவே முடியவில்லை.

“நீ போயிருப்பன்னு நெனச்சேன்” என்றார் ஜெபகுமார்.

“நானுந்தான் நெனச்சேன்” என்றார் அப்பாதுரை. கையிலிருந்த கரும்பை நீட்டினார். ஜெபகுமார் வாங்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில் ஜெபகுமாரின் பஸ்ஸிலிருந்து கடைசியாக ஒரு பெண் இறங்கினாள். அவள் பையைக் கண்டக்டரே எடுத்துக் கொடுத்தார். ஜெபகுமார் திரும்பிப் பார்த்து, “பார்த்து எறங்கும்மா, படி ஒசரம்” என்றார், வீட்டுப் பெண்ணிடம் பேசுவதைப் போல. ரேணுகாம்பாள்தான் அது.

“நீ எங்க இதுல?” என்றார் அப்பாதுரை.

ரேணுகாம்பாள் பஸ்ஸை ஒருமுறை பார்த்தாள். புருஷனை ஒருமுறை பார்த்தாள். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று முடிவுக்கு வந்தவளாகப் பையைக் கீழே வைத்தாள்.

“எப்பவும் இதுலதான். யுவன் வயித்துல இருக்கசொல்ல ஒருநா உன் பஸ்ல ஏறிட்டு, புள்ள இங்கியே பொறந்துடும்னு பயந்துட்டேன். அன்னிலேருந்து இந்த அண்ணன் பஸ்தான். தடத்த வெட்டினப்புறமும் இதுல வந்து எறங்கி பழனி ஆட்டோல போயிடுவேன், நீதான் இந்தப் பக்கம் திரும்பவே மாட்டியே. உன் பஸ்ஸோட பின்பக்கம் எனக்கு மனப்பாடம்.”

ஜன்னல்களில் தலைகள் முளைத்திருந்தன. கிருஷ்ணவேணி விழுந்து விழுந்து சிரித்தாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. கமலுக்கும்கூடத் தெரிந்திருக்கிறது, அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ இன்னும் வேகமா போயிருப்ப.”

அப்பாதுரைக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, சின்னதாக்கிச் சின்னதாக்கி, புழுதியைக் கிளப்பிவிட்டுவிட்டு வந்த அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது அவருடைய வீடு. ஜெயித்ததாக நினைத்த ஒவ்வொரு நாளும் அவளைத்தான் பின்னால் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அவளை இன்றைக்கு இந்தக் காலி ஸ்டாண்டில் தவிக்க விடாமல் இருந்தோமே என்கிற நிம்மதி.

ரேணுகாம்பாள் பையை எடுத்துக்கொண்டு அவருடைய பஸ்ஸில் ஏறினாள். பெண்கள் நகர்ந்து முன்சீட்டில் இடம் கொடுத்தார்கள். அப்பாதுரை தன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஜெபகுமார் கரும்பைக் கடித்துக்கொண்டே ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

“பதனமா இட்டுக்கினு போப்பா. இத்தினி வருஷம் நான் அப்படித்தான் கொண்டாந்து வுட்டேன்.”

அப்பாதுரை தலையை ஆட்டினார். இன்ஜினைப் போட்டுவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார்.

“நாளைக்கும் நிக்கிறேன்” என்றார்.